ஒரு சக்கரத்தின் உள்பக்க பிரேக் பேட் மட்டும் விரைவாகத் தேய்வது ஏன், அதை எப்படிக் கண்டறிந்து சரிசெய்வது?

உங்கள் காரின் முன் இடது சக்கரத்தில் உள்பக்க பேட் இரும்புத் தகடு தெரியப்போகும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, அதே சக்கரத்தின் வெளிப்பக்க பேட்டில் 6 மில்லிமீட்டர் மீதம் இருக்கிறது, வலது சக்கரத்தில் இரண்டு பேட்களும் ஏறத்தாழ அதே 6 மில்லிமீட்டரில் சமமாக நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 14 மாதங்களுக்கு முன் பேட்களை மாற்றியபோதும் இதே பேட்தான் முதலில் தீர்ந்திருந்தது என்றும், ஒரு பட்டறையில் இரண்டு காலிப்பர்களையும் (பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகங்கள்) மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் காலிப்பர் வழுக்கி நகரும் பின்களுக்கு கிரீஸ் வைத்தால் போதும் என்கிறார், யாரை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யார் சொல்வது சரி என்பதைவிட, இப்போது போடப்போகும் புதுப் பேட் மூன்றாவது முறையும் இப்படியே தேயாமல் இருக்க எந்தப் பாகத்தைத் தொட வேண்டும் என்பதே உங்களுக்குத் தேவையான விடை என்று புரிந்துகொள்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பிரேக் வேலை செய்துவருகிறவன் என்ற முறையில், இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைக் கையால் சோதித்த பிறகே சொல்லலாம் என்பதைப் பிரித்து எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. அந்த உள்பக்க பேட் நீங்கள் சொல்லும் நிலையில் இருக்குமானால் வண்டியை இனி ஓட்ட வேண்டாம். புதிய பேட்டில் உராய்வுப் பொருள் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். தகடு நேரடியாக டிஸ்க்கில் உரசத் தொடங்கினால் டிஸ்க் சில நாட்களிலேயே பாழாகும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் தன் எல்லையைத் தாண்டி வெளியே வர நேரிடும். இன்னொன்று, கழற்றும் பழைய பேட்களை யாரும் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று அவற்றின் முதுகில் எழுதி வையுங்கள். காலிப்பருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே பதிவு அவைதான்.

பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்தில் இருப்பது நகரும் வகைக் காலிப்பர். இதில் பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டும், அதாவது உள்பக்கத்தில் இருக்கும். பெடலை அழுத்தும்போது பிஸ்டன் உள்பக்க பேட்டை நேரடியாக டிஸ்க்கின் மீது தள்ளுகிறது. டிஸ்க் பக்கவாட்டில் நகராததால் அந்த விசையின் எதிர்விசை காலிப்பரின் உடலையே உள்நோக்கி இழுக்க, அது இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்புறம் நகம் போல வளைந்திருக்கும் பகுதியால் வெளிப்பக்க பேட்டை டிஸ்க்கின் மறுமுகத்தில் அழுத்துகிறது. ஆகவே இந்த அமைப்பில் மூன்று இடங்களில் தடையில்லாத அசைவு வேண்டும்: பிஸ்டன் தன் துளைக்குள் அசைய வேண்டும், காலிப்பர் பின்களின் மேல் அசைய வேண்டும், பேட்கள் தங்களைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளங்களுக்குள் அசைய வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இறுகினாலும் தேய்மானம் கோணலாகும். உங்கள் கேள்விக்கான விடை இந்த மூன்று இடங்களுக்குள்தான் இருக்கிறது.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது என்று பலர் யோசிப்பதில்லை. அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி, துளையின் சுவரில் வெட்டப்பட்ட பள்ளத்தில் சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் வெளியே வரும்போது அந்த சீல் அதனுடன் சேர்ந்து சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரின் ஒரு சிறு பகுதி அளவுக்குப் பின்னே இழுத்துக்கொள்கிறது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். சீல் கெட்டிப்பட்டாலோ, பிஸ்டனின் மேல் துரு ஏறினாலோ, சீல் பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தாலோ முதலில் பறிபோவது இந்தச் சிறு பின்வாங்கல்தான். பிரேக் அப்போதும் நன்றாகவே பிடிக்கும், பெடலிலும் வித்தியாசம் தெரியாது. உள்பக்க பேட் மட்டும் ஓயாமல் டிஸ்க்கைத் தொட்டபடி ஓடிக்கொண்டிருக்கும்.

உள் பேட் தேய்ந்தால் பிஸ்டன், வெளி பேட் தேய்ந்தால் பின் என்று ஒரு வாய்பாடு பட்டறைகளில் உண்டு. அதன் இரண்டாம் பாதியை நான் பெரும்பாலும் நம்புகிறேன். பின்கள் முழுவதும் இறுகாமல் கடினமாக மட்டும் நகரும்போது, பிரேக் அழுத்தத்தின் பலத்தால் காலிப்பர் இழுபட்டு வெளி பேட் டிஸ்க்கில் அமர்கிறது; அழுத்தம் போன பிறகு அதைத் திரும்ப நகர்த்தும் அளவுக்குப் பலம் எதுவும் இல்லாததால் அங்கேயே உரசிக்கொண்டிருக்கிறது. முதல் பாதியை முழுத் தீர்ப்பாக ஏற்க முடியாது. பின்கள் முற்றிலும் இறுகிவிட்டால் காலிப்பர் நகரவே நகராது. அப்போது வேலை செய்வது பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டும்தான், அதுவே முதலில் தேயும். உள் பேட்டின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பிராக்கெட்டில் துருவோடு சிக்கிக்கொண்டாலும் இதே தோற்றம்தான் வரும். ஆகவே உள்பக்கத் தேய்மானத்துக்குப் பிஸ்டன், பின், பிராக்கெட் ஆகிய மூன்றுமே காரணமாக இருக்கலாம். பேட்டைப் பார்த்து மட்டும் இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியாது, உங்களுக்கு யோசனை சொன்ன இருவராலும் முடியாது.

ஆனால் எவை காரணம் இல்லை என்பதை உங்கள் அளவுகளே சொல்லிவிடுகின்றன. பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் விடுபடாமல் நின்றால் ஒரே ஒரு பேட் மட்டும் தேயாது. ஓட்டும்போது பெடலின் மேல் காலை வைத்திருக்கும் பழக்கமும் அப்படித்தான். அது இடம் வலம் பார்க்காமல் தேய்க்கும். இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, பிரேக் ஆயிலை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் பிடித்துவைக்கும் கோளாறு ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத, பலரை அலைக்கழிக்கும் கோளாறு. ஆனால் தங்கிய அழுத்தம் பிஸ்டனையும் காலிப்பர் உடலையும் ஒருசேரத்தான் பிடிக்கும் என்பதால் அந்தச் சக்கரத்தின் இரண்டு பேட்களும் தேய்ந்திருக்க வேண்டும். உங்கள் வெளி பேட் வலது சக்கரத்தின் பேட்களோடு ஒரே அளவில் நிற்கிறது. எனவே ஹோஸை என் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுகிறேன். சோதிப்பது எளிது என்பதால் முற்றிலும் நீக்கவில்லை. மட்டமான பேட் என்ற காரணமும் நிற்காது, ஏனென்றால் அதே பெட்டியில் வந்த மற்ற மூன்று பேட்கள் ஒழுங்காகத் தேய்ந்திருக்கின்றன.

வெளி பேட்டும் வலது பேட்களும் சமமாக இருப்பதில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. பின்கள் முற்றிலும் இறுகியிருந்தால் உங்கள் வெளி பேட் வேலையே செய்யாமல் ஏறக்குறைய புதிதாக இருந்திருக்க வேண்டும். அது வலது பக்கத்தின் அளவுக்கே தேய்ந்திருக்கிறது என்றால் காலிப்பர் நகர்ந்துதான் வந்திருக்கிறது; உள் பேட் மட்டும் தன் பங்கு வேலைக்கு மேல், விட்ட பிறகும் உரசியிருக்கிறது. இதனால் பிஸ்டன் பின்வாங்காமை, அல்லது உள் பேட் பிராக்கெட்டில் சிக்கியிருத்தல் ஆகிய இரண்டையும் பின்களைவிட முன்னே வைப்பேன். இது அனுமானம்தான். சோதனை இதற்கு மாறாகச் சொன்னால் சோதனையை நம்புங்கள்.

புதுப் பேட் போட்ட பிறகும் உரசல் தொடர்கிறதா என்பதை எதையும் பிரிக்காமலே பார்த்துவிடலாம். பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு, நிறுத்தியதும் அகச்சிவப்பு வெப்பமானியால் இடது, வலது டிஸ்க்குகளின் வெப்பத்தை ஒப்பிட வேண்டும். பளபளக்கும் பரப்பில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், இரு பக்கமும் டிஸ்க்கின் நடுவில் உள்ள மங்கலான பகுதியில் ஒரே இடத்தைக் குறிவையுங்கள். சில டிகிரி வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் பல பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே உரசல் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பிறகு சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அச்சின் இழுப்பு கொஞ்சம் இருக்கும். ஆகவே வலது சக்கரத்தோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். இடது சக்கரம் கடினமாகச் சுற்றினால் அந்தக் காலிப்பரின் பிளீடர் ஸ்க்ரூவை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு), அதில் ஒரு குழாயை மாட்டியபின் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் தேங்கியிருக்கிறது, ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். தளர்த்தியும் இறுக்கம் அப்படியே இருந்தால் கோளாறு பிஸ்டன், பின், பிராக்கெட் என்ற அந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே காலிப்பரை மாற்றிவிட்டு, மறுவாரம் அதே இறுக்கத்தோடு திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பிரிக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றியதும் அது ஹோஸில் தொங்கக் கூடாது. கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டிவையுங்கள். காலிப்பரைத் தாங்கும் இரண்டு பின்களையும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். நல்ல பின் விரல் பலத்துக்கே வழுக்கி நகரும். சுழற்றினால் மட்டும் அசைகிறது, தட்டினால்தான் வருகிறது என்றால் அது கெட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் உலர்ந்து பிசினாகிப்போன கிரீஸோ, துருப் பள்ளமோ, வீங்கிய ரப்பரோ தெரியும். பல கார்களில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். எது மேலே, எது கீழே என்பது தயாரிப்பாளர் வகுத்தது. ஒரு காரில் மூன்று முறை பேட் மாற்றியும் ஒரே பேட் ஆப்புப்போலச் சரிவாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் முன்பு யாரோ இரண்டு பின்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தது தெரிந்தது. பின்களைச் சரியான இடத்தில் போட்டதோடு தீர்ந்துபோனது அது.

பிராக்கெட்டைப் பலரும் பார்ப்பதே இல்லை. பேட்டின் இரு காதுகளும் உட்காரும் பள்ளங்களில் மெல்லிய எஃகுக் கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடியில் துரு வளர வளர, கிளிப் மேலே தூக்கப்பட்டுப் பள்ளம் குறுகுகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். கிளிப்பைக் கழற்றி, அடியில் உள்ள துருவை வயர் பிரஷாலும் அரத்தாலும் உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டு, புதுக் கிளிப் போட்டு, பேட்டை மட்டும் வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் ஆடக் கூடாது. சுத்தியலால் தட்டி உட்கார வைத்த பேட் திரும்பி வராது. காது பெரிதாக இருக்கிறது என்று பேட்டை அரத்தால் ராவுகிறவர்கள் உண்டு. பிராக்கெட்டைச் சுத்தம் செய்தபின் பார்த்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது. உங்கள் வண்டியில் 14 மாதங்களுக்கு முன் பேட் மாற்றியவர் இந்த இடத்தைத் தொட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். உள் பேட்டின் முதுகில் பிஸ்டனுக்குள் செருகும் ஸ்பிரிங் உள்ள வடிவமைப்பாக இருந்தால் அது நேராக உட்கார்ந்திருந்ததா என்பதையும் பழைய பேட்டின் முதுகில் உள்ள அச்சிலிருந்து அறியலாம். பிஸ்டனின் வட்டம் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும், பிறை போல ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் பேட் கோணலாக நின்றிருக்கிறது.

அடுத்து, நான் அதிகம் சந்தேகிக்கும் பிஸ்டன். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்த அந்த உடலைத் தூசியும் நீரும் படாமல் காப்பது ஒரு ரப்பர் பூட் மட்டும்தான். பூட் கிழிந்தால் வெளியே நிற்கும் பகுதி துருப்பிடிக்கும். புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்போது துருப்பிடித்த அதே பகுதி சீலைக் கீறிக்கொண்டு துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேட் மாற்றிய அன்றிலிருந்துதான் தொந்தரவு என்று சிலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உங்கள் வண்டியில் இரண்டாம் முறையும் அதே பேட் தேய்ந்ததற்கு இது பொருந்தி வருகிறது. பூட்டை ஓரமாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமோ துருவோ இருந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது. பிறகு ஆயில் டப்பாவில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, பழைய பேட்டை இடையில் வைத்து ஒரு சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நல்ல பிஸ்டன் ஒரே சீரான எதிர்ப்போடு போகும். நின்று நின்று போவது, ஒரு பக்கம் சாய்வது, பெரும்பலம் கேட்பது எல்லாம் கெட்டதன் அடையாளங்கள். வலது காலிப்பரிலும் இதையே செய்து பார்த்தால் உங்கள் கைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். தள்ளும்போது பிளீடரைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விட வேண்டுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. அழுக்கு ஆயில் ஏபிஎஸ் அமைப்புக்குள் திரும்பிப் போக வேண்டாமே என்று நான் திறந்து விடுகிறேன். திறக்காமல் தள்ளியதால்தான் ஏபிஎஸ் கெட்டது என்று உறுதியாகக் காட்டக்கூடிய வண்டி எதையும் நான் கண்டதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட இருவர் விஷயத்துக்கு வருகிறேன். பின்கள் மட்டும் இறுகியிருந்து பிஸ்டன் சீராகப் போகிறது என்றால் கிரீஸ் வைக்கச் சொன்னவர் சரி. ஆனால் பழையதை முழுவதும் துடைத்தெடுத்து, துளையையும் சுத்தம் செய்து, பின்களின் ரப்பர் பூட்களை மாற்றி, அதற்கென உள்ள சிலிகோன் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் அந்த ரப்பரை வீங்கச் செய்து சில மாதங்களில் நிலைமையை முன்னைவிட மோசமாக்கும். கிரீஸை அடைத்துத் திணித்தாலும் பின் உள்ளே போக இடமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது என்றால் எந்த கிரீஸும் உதவாது. அப்போது பிஸ்டனை வெளியே எடுத்து, சீலும் பூட்டும் மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்கில் சீல் துளையின் பள்ளத்தில் நிலையாக இருக்க, அதன்மேல் வழுக்குவது பிஸ்டனின் பரப்பு. ஆகவே துளைச் சுவரில் உள்ள மெல்லிய கீறல் பெரிய குறையல்ல, பிஸ்டனின் பரப்பில் உள்ள சிறு குழிகூட பெரிய குறை. குழி விழுந்த பிஸ்டனை எமரி பேப்பரால் தேய்த்துப் போடுவதை நான் செய்வதில்லை. மேற்பூச்சு போனபின் அது இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். சீல் பள்ளம் அரித்திருந்தால் காலிப்பரையே மாற்றுவதுதான் முறை. பிஸ்டனைக் காற்றழுத்தம் கொடுத்து வெளியே எடுக்கும்போது அது தோட்டா போலப் பாயக்கூடும். விரல்களை அருகில் கொண்டுபோகாமல் எதிரே மரக்கட்டை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

இரண்டு காலிப்பர்களையும் மாற்ற வேண்டும் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பேட்களையும் டிஸ்க்குகளையும் ஒரே அச்சில் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது கட்டாயம். இரு பக்கத்தின் உராய்வும் வேறுபட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காலிப்பர் அப்படியல்ல. வலது காலிப்பரின் பிஸ்டன் சீராகப் போய்வந்து, பின்கள் வழுக்கி, பூட் கிழியாமல் இருந்தால், அதன் பேட்கள் சமமாகத் தேய்ந்திருப்பதே அது நன்றாக இருப்பதற்குச் சான்று. ஒன்று கெட்டால் மற்றதும் விரைவில் கெடும் என்ற வாதத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே நீரும் தூசியும்தான். அதற்காக நல்ல பாகத்தை இப்போதே கழற்ற வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் வேறு ஒருவரின் வண்டியில் தோற்றம் வேறாக இருக்கலாம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்களும் தேய்ந்து, எதிர்ச் சக்கரத்தின் இரண்டும் தடிமனாக இருந்தால், தேய்ந்த பக்கம்தான் கெட்டது என்று அவசரப்பட வேண்டாம். தடித்த பேட் உள்ள பக்கம் வேலையே செய்யாமல் நின்றுவிட, நல்ல பக்கம் இரண்டு பங்கு வேலை செய்திருக்கலாம். பிரேக் அழுத்தும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். அழுத்தாமல் ஓடும்போதே இழுத்து, அந்தச் சக்கரம் சூடாகவும் இருந்தால் இழுக்கும் பக்கம் விடாமல் பிடித்திருக்கிறது. ஒரே பேட் நீளவாக்கில் ஆப்புப்போலத் தேய்ந்திருந்தால், அதாவது டிஸ்க் முதலில் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே வித்தியாசம் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறதா, பிராக்கெட்டின் ஒரு பள்ளம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிதளவு சரிவு இந்தக் காலிப்பர் வகைக்கே உரியது. டிஸ்க் சுழலும்போது பேட்டின் முன்முனையை உள்ளே இழுக்கப் பார்க்கும். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை, 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணம் தேடுவேன். இவை என் வேலையில் நான் வைத்துக்கொண்ட எல்லைகள், எந்தக் கையேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. எல்லாப் பக்கமும் பிஸ்டன் கொண்ட நிலையான காலிப்பரில் பின்களே இல்லை. அங்கே கோணல் தேய்மானம் என்றால் ஏதோ ஒரு பிஸ்டன் நின்றுவிட்டது.

பின்சக்கர டிஸ்க் பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருந்தால், கேபிள் இறுகி நெம்புகோல் முழுவதும் திரும்பாமல் நிற்பதை முதலில் பாருங்கள். அந்தப் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகியபடிதான் உள்ளே அனுப்ப முடியும். கிளாம்பால் நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு உடையக்கூடும். மின் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் எதையும் தள்ளக் கூடாது.

டிஸ்க்கை மறந்துவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். உங்கள் பேட் 14 மாதம் உரசியிருப்பதால் உள்முகத்தைத் தனியாகப் பார்ப்பது முக்கியம். வெளிமுகம் பளபளவென்று இருக்க, உள்முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடமோ ஆழமான கோடுகளோ இருப்பது இத்தகைய வண்டிகளில் சாதாரணம். அப்படி இருந்தால் புதுப் பேட்டை அந்த டிஸ்க்கில் போடுவது வீண். வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

பூட்டும்போது பேட்டின் காதுகள் உரசும் இடத்தில் மட்டும் பிரேக்குக்கான வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும்; உராய்வுப் பரப்பில் ஒரு துளிகூடப் படக் கூடாது. தேய்மானத்தை அறிவிக்கும் ஒலித்தகடு பல வண்டிகளில் ஒரு பேட்டில் மட்டுமே இருக்கும் என்பதால் அந்தப் பேட் முன்பு இருந்த பக்கத்திலேயே வர வேண்டும். பேட் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஹோஸைக் கழற்றியிருந்தாலோ காலிப்பரை மாற்றியிருந்தாலோ உள்ளே புகுந்த காற்றை பிளீடர் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதோடு ஆயிலையும் முழுவதுமாக மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதற்கு வைக்கப்பட்ட எல்லை 155 டிகிரிதான். பிஸ்டனும் துளையும் உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கும் அந்த ஈரமே காரணம். வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன்பும் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியபின் முதல் சில அழுத்தங்களில் பிரேக் இருக்காது. இதை மறந்து பட்டறைச் சுவரில் மோதிய கார்கள் உண்டு. பிறகு பேட் தயாரிப்பாளர் சொல்லும் முறையில், பொதுவாகச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் மிதமாகப் பலமுறை வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேட்டை டிஸ்க்கோடு பழக்குங்கள்.

வண்டியை நேரில் தொட்டுப் பார்க்காமல் என்னால் போகக்கூடிய தூரம் இவ்வளவுதான். பின்களும் பிராக்கெட்டும் பிஸ்டனும் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கும் வண்டிகளும் வருகின்றன. அப்படியானால் எதை முதன்மைக் காரணம் என்பது என்று தேடுவதில் பயன் இல்லை, மூன்றையும் சரிசெய்ய வேண்டும். வேலை முடிந்த அன்றே நான்கு பேட்களின் தடிமனையும் அளந்து எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வெப்பத்தை ஒப்பிடுங்கள். 5,000 கிலோமீட்டரில் சக்கரத்தைக் கழற்றி மறுபடி அளவெடுங்கள். உள் பேட் வெளி பேட்டைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் அது இந்த வகைக் காலிப்பருக்கு இயல்பு, விட்டுவிடலாம். அதற்குள் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்திருந்தால், சீல் மாற்றியிருந்தாலும் அந்த இடது காலிப்பரைப் பிராக்கெட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அப்போதும் வலது பக்கத்தைத் தொட வேண்டியதில்லை.